தினமும் காலை 6 மணிக்கு ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு கடைக்காகப் பைத்தானில் நிரல் எழுதியிருக்கிறீர்கள். முடிவில்லாத ஒரு வைல் லூப், அதாவது அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி. அதற்குள் கிளைக் கடையிலிருந்து புது பில்களை இழுக்கும் வேலை. அப்புறம் மணி 6, நிமிடம் 0 என்றால் நேற்றைய விற்பனையைக் கூட்டி முதலாளிக்கு மெயில் அனுப்பும் ஃபங்ஷன். கடைசியில் 30 விநாடி ஸ்லீப், அதாவது நிரல் சும்மா காத்திருப்பது. வீட்டுக் கணினியில் ஓடியபோது பெரும்பாலும் மெயில் இரண்டு முறை போனது, சில நாள் போகவே இல்லை. வாடகை சர்வரில் ஏற்றிய பிறகு பகல் 11:30-க்குப் போகிறது. எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) போட்டால் சரியாகும் என்பது கேள்வி.

லைப்ரரி பெயர்கள் கீழே வருகின்றன. ஆனால் உங்கள் மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. லைப்ரரி மாற்றினால் அதில் ஒன்றுதான் தானாகத் தீரும். மற்ற இரண்டும் புது லைப்ரரிக்கும் கூடவே வரும்.

இரண்டு முறை போவதைப் பார்ப்போம். பில் இழுக்க 2 விநாடி ஆனால் லூப்பின் ஒரு சுற்று 32 விநாடி. 6:00:04-க்கு ஒரு முறை நிபந்தனை பொருந்தும், 6:00:36-க்கு மறுபடி பொருந்தும். இரண்டு மெயில். அதே இடத்தில், இன்டர்நெட் மந்தமாக இருந்து பில் இழுக்க 45 விநாடி ஆகிற நாளில் சுற்று 75 விநாடி ஆகிவிடும். 5:59:50-க்குப் பார்த்த நிரல் அடுத்து 6:01:05-க்குத்தான் மணியைப் பார்க்கும். 6:00 என்ற நிமிடம் அதன் கண்ணிலேயே படாது. ஸ்லீப்பை 60 விநாடி ஆக்கினால் இரட்டை மெயில் நிற்கும். மெயில் விட்டுப்போவது அதிகமாகும். ஸ்லீப் என்பது ‘குறைந்தது இவ்வளவு நேரம்’ என்ற உத்தரவாதம் மட்டுமே, ‘சரியாக இவ்வளவு நேரம்’ அல்ல.

ஆகவே மணி 6-க்குச் சமமா என்று கேட்காதீர்கள், 6-ஐத் தாண்டிவிட்டதா என்று கேளுங்கள். தமிழில் எழுதிக் காட்டினால்:

அடுத்தது = இனி வரும் முதல் காலை 6 மணி
எப்போதும்:
    பில்களை இழு
    இப்போது >= அடுத்தது என்றால்:
        அறிக்கையை அனுப்பு
        அடுத்தது = இனி வரும் முதல் காலை 6 மணி
    30 விநாடி உறங்கு

இப்போது சுற்று எவ்வளவு நீண்டாலும் மெயில் கொஞ்சம் தாமதமாகப் போகுமே தவிர விட்டுப்போகாது, இரண்டு முறையும் போகாது. பைத்தானோடு வரும் ஷெட் மாட்யூல் உள்ளே செய்வதும் ஏறக்குறைய இதுதான். எப்போது ஓட வேண்டும் என்ற நேரத்தை வைத்து வேலைகளை ஒரு ஹீப்பில் (முந்தி வருவது எப்போதும் மேலே நிற்கும் அடுக்கில்) அடுக்கி, மேலே இருப்பதன் நேரம் தாண்டிவிட்டதா என்று பார்க்கும். ஷெட்யூல் என்ற பிரபலமான சின்ன லைப்ரரியும் அப்படித்தான். நீங்கள் லூப்பில் அதன் ‘நிலுவையில் இருப்பதை ஓட்டு’ ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று தனி மந்திரம் எதுவும் கிடையாது.

அடுத்து 11:30. இது பிழையே இல்லை, கூட்டல். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) என்ற நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட 5:30 மணி முன்னே. சர்வரின் 6 மணி நமக்கு 11:30. அங்கே நள்ளிரவு 12:30 ஆகும்போதுதான் இங்கே காலை 6. சர்வரின் நேர மண்டலத்தையே ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடலாம். ஒரே கடை, ஒரே சர்வர் என்றால் அதில் தப்பில்லை. மாற்றியதும் கிரான் சேவையை (லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) மறுதொடக்கம் செய்ய மறக்க வேண்டாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கிரான் பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் நல்ல வழி, நிரலுக்குள் மண்டலத்தை வெளிப்படையாகச் சொல்வது. பைத்தான் 3.9 முதல், நேர மண்டலங்களைக் கையாளும் ஸோன்இன்ஃபோ மாட்யூல் கூடவே வருகிறது. விண்டோஸில் மட்டும் டிஸட்டேட்டா என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

இணையத்தில் பழைய பதில்களைப் பார்த்து, நேர மண்டலத்துக்கான பைடிஸட் லைப்ரரியை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் மண்டலத்தைப் பைத்தானின் தேதி-நேர வகையான டேட்டைமில் நேரடியாகத் திணித்தால் கொல்கத்தாவுக்கு 5:30 வராது, 5:53 வரும். அது கொல்கத்தாவின் பழைய உள்ளூர் சூரிய நேரம். அந்த ஊரின் நேர வரலாற்றுப் பட்டியலில் முதல் பதிவை அந்த லைப்ரரி எடுத்துக்கொள்கிறது. காலை 6 என்று வைத்த வேலை 5:37-க்கு ஓடும். 23 நிமிடம் முந்திப் போவதைப் பார்த்தால் காரணம் அநேகமாக இதுதான். அந்த லைப்ரரியில் லோக்கலைஸ் என்ற ஃபங்ஷன் வழியாகத்தான் மண்டலம் சேர்க்க வேண்டும். புதிதாக எழுதுகிறவர் அதைத் தொடவே தேவையில்லை.

இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் நம் ஊர் நிரலாளர்கள் இந்தத் தொல்லையை வெளிநாட்டு வாடிக்கையாளர் வரும்போதுதான் சந்திக்கிறார்கள். நியூயார்க்கில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3-க்குத் தாவும். அன்று 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு 1:30 இரண்டு முறை வரும். அதனால் அங்கே ஓட வேண்டிய தினசரி வேலையை உள்ளூர் நேரத்தில் 1 முதல் 3 மணிக்குள் வைக்கவே கூடாது. ‘அடுத்த ஓட்டம் = இந்த ஓட்டம் + 24 மணி’ என்று எழுதினாலும் அங்கே வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் நகரும். ‘நாளைய தேதி, காலை 6, இந்த மண்டலம்’ என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுங்கள்.

‘எல்லா நேரத்தையும் யுடிசியில் சேமி’ என்று எல்லோரும் சொல்வார்கள். நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. இனி நடக்க வேண்டியதற்கு அதை அப்படியே ஏற்க மாட்டேன். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். யுடிசியிலிருந்து 5:30 என்றிருந்தது முதலில் 6:30 ஆகி, அதே வருடம் 6:00 ஆனது. 2006 ஏப்ரலில் திரும்பவும் 5:30. அந்த 2006 மாற்றத்துக்கு முன்பே கொழும்பின் காலை 6 மணி வேலையை யுடிசி நள்ளிரவு 0:00 என்று சேமித்திருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது 5:30-க்கு ஓடியிருக்கும். மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்து வாழும் நேரம் என்றால் ‘காலை 6, ஆசியா/கொழும்பு’ என்றே சேமித்து, ஓட வேண்டிய நொடியைக் கடைசியில் கணக்கிடுவதுதான் பத்திரம்.

இனி, போகவே இல்லை என்ற கோளாறு. இதுதான் பெரியது. லூப்பைத் திருத்திவிட்டாலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கிறது. 5:55-க்குக் கரண்ட் போய் 6:05-க்கு வந்தால்? நிரல் புதிதாகத் தொடங்கும். ‘இனி வரும் முதல் காலை 6 மணி’ எது என்று கேட்டால் நாளைக்கு என்று சொல்லும். இன்றைய மெயில் போயே போயிற்று. அடுத்தது என்ற மாறி நினைவகத்தில் மட்டும் இருக்கிறவரை இதற்கு வழி இல்லை, அந்த மாறி உங்கள் லூப்பில் இருந்தாலும் சரி, லைப்ரரிக்குள் இருந்தாலும் சரி.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். எப்போது ஓட வேண்டும் என்பதை நிரலின் ஓட்டத்தில் வைக்காதீர்கள், டேட்டாபேஸில் வையுங்கள். உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு தேதி போதும்: எந்த நாள் வரைக்கும் அறிக்கை போய்ச் சேர்ந்தது. லூப் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்க்கட்டும். இன்று மணி 6 தாண்டிவிட்டது, கடைசியாக அனுப்பிய தேதி நேற்றுக்கு முந்தியது என்றால் அனுப்ப வேண்டியது பாக்கி. சர்வர் மூன்று நாள் படுத்திருந்து எழுந்தாலும் எந்தெந்த நாள் விட்டுப்போனது என்று அதற்குத் தெரியும்.

இங்கே ஒரு முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும், எந்த லைப்ரரியும் எடுத்துத் தராது. விட்டுப்போன மூன்றையும் ஓட்டுவதா, கடைசி ஒன்றை மட்டுமா, எதுவும் வேண்டாமா? விற்பனை அறிக்கை என்றால் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு. தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் வேலை என்றால் ஒரு முறை போதும். ‘இன்று காலை 6:15-க்குக் கூட்டம்’ என்று நினைவூட்டும் செய்தியை மதியம் அனுப்புவதில் அர்த்தமே இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: மெயில் அனுப்பும் ஃபங்ஷனுக்குள் ‘நேற்று’ என்று கணக்கிடாதீர்கள். தேதியை வெளியிலிருந்து கொடுங்கள். அறிக்கை அனுப்பு, மார்ச் 3-ஆம் தேதிக்கு, என்று கூப்பிடக்கூடியதாக இருக்கட்டும். விட்டுப்போனதை ஓட்ட முடிவது ஒரு லாபம். காலை 6 வரை விழித்திருக்காமல் நடுப்பகலில் சோதித்துப் பார்க்க முடிவது அதைவிடப் பெரிய லாபம்.

இரட்டை ஓட்டத்துக்கும் டேட்டாபேஸே காவல். அறிக்கைத் தேதியைத் தனித்துவச் சாவியாக (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாத கட்டமாக) வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். அனுப்பும் முன் அந்தத் தேதிக்கு ஒரு வரி எழுத முயலுங்கள். ஏற்கனவே வரி இருந்தால் டேட்டாபேஸ் மறுக்கும், நிரல் சும்மா திரும்பிவிடும். ஒரு சிக்கல் மட்டும் எப்போதும் இருக்கும். வரியை எழுதிவிட்டு மெயில் அனுப்பும் முன் நிரல் செத்தால் மெயில் போகாது. மெயில் அனுப்பிவிட்டு வரி எழுதும் முன் செத்தால் அடுத்த முறை மெயில் இரண்டாவது தடவை போகும். இரண்டில் எது பரவாயில்லை என்று பார்த்து வரிசையை அமையுங்கள். அறிக்கை இரண்டு முறை போனால் முதலாளி ஒன்றை அழித்துவிடுவார், ஆகவே இங்கே வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, முதலில் மெயில், அப்புறம் வரி. வங்கிக் கணக்கில் தவணையைப் பிடிக்கும் வேலை என்றால் நேர்மாறாகத்தான் செய்ய வேண்டும். விட்டுப்போனதைக் கையால் சரிபார்த்துக்கொள்ளலாம், இரண்டு முறை பிடித்துவிட்டால் வாடிக்கையாளர் சும்மா விட மாட்டார்.

லைப்ரரிகளுக்கு வருவோம். ஷெட்யூல் லைப்ரரி படிக்க அழகாக இருக்கும், சின்ன ஸ்கிரிப்டுக்குப் போதும். ஆனால் ஓடும் ஃபங்ஷன் பிழை எறிந்தால் அது பிடித்துக்கொள்ளாது. லூப்போடு சேர்ந்து எல்லாம் விழும். ஏபி ஷெட்யூலர் அதைவிடக் கெட்டி. மண்டலம் சொல்லலாம், கிரான் பாணியில் நேரம் சொல்லலாம், வேலைகளை டேட்டாபேஸில் வைக்கலாம். அதைப் பயன்படுத்துகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் பதிப்பு வரிசையில், குறித்த நேரத்தைவிட எவ்வளவு தாமதம் வரை ஓட்டலாம் என்ற சலுகை நேரம் இயல்பாக 1 விநாடிதான். அதற்கு மேல் பிந்திவிட்டால் அந்த ஓட்டம் தவறியது என்று லாக்கில் (நிரலின் பதிவேட்டில்) ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடும். லாக்கையே அமைக்காதவருக்கு அந்த வரியும் தெரியாது. உங்கள் வேலைக்கு அதை ஒரு மணி நேரமாவது ஆக்குங்கள். வேலைகளை டேட்டாபேஸில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் அடையாளப் பெயர் கொடுத்து, ‘இருந்தால் மாற்று’ என்றும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நிரலை மறுதொடக்கம் செய்கிற ஒவ்வொரு முறையும் அதே வேலை இன்னொரு பிரதியாகச் சேரும்.

வெப் நிரலுக்குள் இதை வைத்தால் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. பைத்தான் வெப் நிரல்களை ஓட்டும் கூனிகார்ன் நான்கு வொர்க்கர் ஓட்டினால் நான்கு ப்ராசஸ், நான்கு ஷெட்யூலர், முதலாளிக்கு நான்கு மெயில். ஃப்ளாஸ்க் என்ற வெப் கட்டமைப்பின் டீபக் (பிழை தேடும்) நிலையில், நிரல் மாறினால் மீண்டும் ஏற்றும் ரீலோடர் காரணமாக இரண்டு. ஷெட்யூலரைத் தனி ப்ராசஸாக ஓட்டுவதுதான் முறை. மேலே சொன்ன தனித்துவச் சாவி இருந்தால் நான்கு பேர் ஓடினாலும் பெரும்பாலும் ஒருவர்தான் அனுப்புவார். ஆனால் எல்லோரும் அதே நொடியில் பார்ப்பதால், முதலில் மெயில் அப்புறம் வரி என்ற வரிசையில் இரட்டை நழுவிவிடலாம். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு ஒன்றும் சேர்த்துப் போடுங்கள்.

‘காலை 6 வரை எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டு ஒரேயடியாக உறங்கினால் என்ன’ என்று சிலர் கேட்பார்கள். மடிக்கணினியில் செய்து பாருங்கள். லினக்ஸில் ஸ்லீப் எண்ணும் கடிகாரம் கணினி சஸ்பெண்டில் இருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டு மணி நேரம் உறங்கச் சொல்லி, நடுவில் மூன்று மணி நேரம் மூடி வைத்தால், மூன்று மணி நேரம் பிந்தி எழும். ஜாவாஸ்கிரிப்டில் வேறு வகை. செட்டைம்அவுட்டுக்குக் கொடுக்கும் தாமதம் 2147483647 மில்லிவிநாடியைத் தாண்டக்கூடாது, அதாவது ஏறத்தாழ 24.8 நாள். தாண்டினால் பிழை சொல்லாது, உடனே ஓட்டிவிடும். ‘ஒரு மாதம் கழித்து நினைவூட்டு’ என்று வைத்தது அந்த நிமிடமே வந்து நிற்பது இதனால்தான். குட்டிக் குட்டியாக உறங்கி, ஒவ்வொரு முறை எழும்போதும் சுவர்க் கடிகாரத்தை (கணினி காட்டும் தேதி, மணியை) பார்ப்பதே எல்லா மொழிக்கும் பொருந்தும் வழி. இரண்டு நிகழ்வுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்க மட்டும் மோனோடோனிக் கடிகாரம், அதாவது பின்னே போகாமல் முன்னே மட்டும் எண்ணும் கடிகாரம். காலை 6 மணி எப்போது என்று அதற்குத் தெரியாது.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி. ஷெட்யூல்டு எக்ஸிக்யூட்டரில் வைத்த தொடர் வேலை ஒரே ஒரு முறை பிழை எறிந்தாலும் அதற்குப் பிறகு அது ஓடவே ஓடாது, சத்தமும் வராது. ஃபங்ஷன் முழுவதையும், பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள்.

சரி, கிரான்? லினக்ஸ் சர்வர் கையில் இருக்கும்போது லூப் எதற்கு என்பதுதான் என் கட்சி. கிரான் 1970-களிலிருந்து யுனிக்ஸில் இருக்கிறது. இன்று பல லினக்ஸ்களில் இருப்பது 1987-இல் பால் விக்ஸி எழுதியதன் வழித்தோன்றல். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். 0 6 * * * என்றால் தினமும் 6 மணி. யுடிசி சர்வரில் நம் 6 மணிக்கு 30 0 * * * என்று எழுத வேண்டும். தேதி, கிழமை இரண்டையும் நிரப்பினால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று நினைப்பீர்கள், அப்படியில்லை. 0 6 1 * 1 என்பது 1-ஆம் தேதியும் ஓடும், எல்லாத் திங்களும் ஓடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம். கிரான் உங்கள் ஷெல் அமைப்புகளைப் படிப்பதில்லை, அதனால் பைத்தானுக்கும் ஸ்கிரிப்டுக்கும் முழுப் பாதை கொடுக்க வேண்டும். விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த நிரலுக்கென்று தனியாக வைத்த பைத்தான்) இருந்தால் அதற்குள் இருக்கும் பைத்தானின் பாதையை. நிரல் தொடங்கும் இடம் உங்கள் ஹோம் டைரக்டரி, நிரல் இருக்கும் டைரக்டரி அல்ல. சும்மா பெயர் சொல்லித் திறக்கும் கோப்புகள் கிடைக்காது. கட்டளையில் % குறி இருந்தால் கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும், முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்கிறவர்கள் தவறாமல் இதில் மாட்டுவார்கள். வெளியீட்டையும் பிழையையும் ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

கிரானுக்கு ஒரு குறை, நேற்று விட்டுப்போனதை இன்று ஓட்டாது. லினக்ஸின் இன்னொரு நேர ஏற்பாடான சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பை இயக்கினால் கணினி அணைந்திருந்தபோது தவறியதை எழுந்ததும் ஒரு முறை ஓட்டும். நேரத்தின் கடைசியில் மண்டலப் பெயரையும் எழுதலாம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலும் தவறினால் கூடிய சீக்கிரம் ஓட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. இயல்பாக அது போடப்பட்டிருக்காது.

உங்கள் கடைக்கு நான் என்ன செய்வேன் என்றால்: இரண்டு வேலையையும் பிரிப்பேன். பில் இழுப்பது தன் போக்கில் ஓடட்டும். அறிக்கைக்குத் தனி ஸ்கிரிப்ட், கிரானில் */10 * * * *, அதாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஸ்கிரிப்ட் எழுந்ததும் கொல்கத்தா மண்டலத்தில் மணி 6 தாண்டியதா, எந்தத் தேதி அறிக்கை பாக்கி என்று டேட்டாபேஸைக் கேட்கும். பாக்கி இருந்தால் அனுப்பும், இல்லாவிட்டால் ஒரு விநாடிக்குள் முடிந்து போகும். சர்வர் எந்த மண்டலத்தில் இருந்தாலும் கவலை இல்லை, 6:05-க்குக் கரண்ட் வந்தாலும் கவலை இல்லை, மெயில் சர்வர் 6 மணிக்கு முரண்டு பிடித்தால் 6:10-க்குத் தானாக மறுமுயற்சி நடக்கும். சரியாக 6:00:00-க்கு மெயில் வந்தே ஆக வேண்டும் என்று எந்த முதலாளியும் கேட்க மாட்டார்.

ஒரு ஓட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் அடுத்தது மேலே ஏறிவிடும். அதற்கு எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைக் கிரான் வரியில் உங்கள் கட்டளைக்கு முன்னால் சேர்த்து, காத்திருக்காதே என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். முந்தையது முடியாமல் இருந்தால் புதியது உடனே விலகிக்கொள்ளும். மெயில் அனுப்பும் இணைப்புக்கு 30 விநாடி டைம்அவுட்டும் (அதற்கு மேல் காத்திருக்காத வரம்பு) வைத்துவிடுங்கள். அது இல்லாமல் ஒரு ஓட்டம் தொங்கிவிட்டால் பூட்டை விடாது, பின்னால் வரும் எல்லா ஓட்டமும் அமைதியாகத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும்.